பதினோராவது டேக்

சந்தையில் மாட்டையாவது
பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.
உதவி இயக்குநர் நடந்துகொண்டே பார்த்தார்.
"நீ ரவுடி கேங். நீ படிப்ஸ்.
நீ குண்டு, ஹீரோ ஃப்ரெண்டு, கையில பப்ஸ் வச்சுக்கோ.
ஏய் கண்ணாடி, நீ இந்தப் பக்கம்."

அன்று முழுக்க அதுதான் என் பெயர்.

அம்மாப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ்,
இருபது கொண்டை ஊசி, மூன்று பேர் வாந்தி,
ஏற்காட்டில் கல்லால் கட்டிய ஒரு பள்ளி.
எங்கள் சீருடையைக் கழற்றச் சொல்லி
டை வைத்த சீருடை தந்தார்கள்.
ஆளுக்கு நானூறு ரூபாய், மதியம் பிரியாணி.

பூவரசன்தான் எங்கள் வகுப்பில் முதல் மார்க்.
தறிக்கட்டையில் மோதிய பழைய தழும்பு நெற்றியில் இருந்ததால்
ரவுடி ஆனான்.
நோட்டே வாங்காத லோகேஸ்வரன்
கொஞ்சம் வெளுப்பு என்பதால் முன் பெஞ்சு.
பிளஸ் டூ படிக்கும் கதாநாயகனுக்குக்
காதோர நரையில் மை பூசினார்கள்.
கண்ணாடியைக் கழற்றியதும் நாயகி அழகியாகிவிடும் காட்சி
முந்தின நாளே முடிந்ததாம்.
நான் கழற்றினால்
ஆறடிக்கு அப்பால் எல்லாம் ஏற்காடுதான்.

கேன்டீன் காட்சி. நீள மேஜைகள்.
அழகிகளுக்கு ஒன்று, ரவுடிகளுக்கு ஒன்று,
எனக்கு ஓரமாய் ஒற்றை நாற்காலி.
எங்கள் பள்ளியில் கேன்டீன் கிடையாது.
கேட்டுக்கு வெளியே தட்டுவடை செட் கடை.
அங்கேயும் கூட்டங்கள் உண்டு:
கெமிஸ்ட்ரி டியூஷன் போகிறவர்கள், போகாதவர்கள்,
கொலுசுப் பட்டறைக்காரர் பிள்ளைகள்,
எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு
அப்புறம் பேனா கடன் தருகிறவர்கள்.
அதற்கெல்லாம் மேஜை போட
எந்த கேமராவும் மலை ஏறி வரவில்லை.

நிவாஷினி எங்கள் வகுப்புதான்.
இரண்டு வருஷத்தில் என்னிடம் பேசியது
"ஸ்டேப்ளர் இருக்கா?"
பகை இல்லை. ஒன்றும் இல்லை.
அவளை வில்லிக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.
நான் தட்டோடு இடறி விழ வேண்டும்,
அவள் சிரிக்க வேண்டும்.

முதல் டேக்கில் "அய்யோ" என்று கை நீட்டி ஓடிவந்தாள்.
கட்.
"தூக்கிவிடக் கூடாதும்மா, நீ கெட்ட பொண்ணு."
மூன்றாவதில் சிரித்தாள், வாயால் மட்டும்.
ஐந்தாவதில் மூடுபனி இறங்கி
மேஜை, லைட், ரவுடி, அழகி
எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.
இருபது நிமிஷம் யாருக்கும் வேஷம் இல்லை.
அந்த வெள்ளைக்குள் யாரோ
என் முழங்கைச் சிராய்ப்பில் ஊதினார்கள்.
யார் என்று கேட்கவில்லை.

பனி விலகியது. ஆறு. ஏழு.
ஒன்பதாவதில் தோளைக் குலுக்கக் கற்றுக்கொண்டாள்.
பதினோராவதுக்கு யூனிட்டே கை தட்டியது.
நானும் தட்டினேன்,
விழுந்த இடத்திலிருந்தே.

திங்கட்கிழமை வகுப்பில்
என் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.
அந்தச் சிரிப்பு வந்தது.
தோள் குலுக்கலோடு, சரியான நொடியில்,
யாரும் ஆக்‌ஷன் சொல்லாமலே.
பின்னால் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.
நிவாஷினி சட்டென்று வாயைப் பொத்தினாள்.
கை விலகியபோது
இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அடுத்த ஆடியில் படம் வந்தது. வகுப்பே போனோம்.
பூவரசன் அடிவாங்கும்போது விசில்.
கேன்டீன் காட்சி இல்லை,
நீளம் என்று வெட்டிவிட்டார்களாம்.

இடைவேளையில் அவள் பாப்கார்னை நீட்டினாள்.
எடுத்துக்கொண்டேன்.
உப்பு அதிகம்.
அதைப் பற்றி மட்டும்
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம்.