உற்பத்தியான நாடு

மணலி யார்டில் நாற்பதடிப் பெட்டி.
சீலை உடைத்த தேசப்பன்
இரும்புக் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறி
வெயிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பலகைகள்.
"இன்னா மேடம் இது, இஸ்திரிப் பலகையா?
கால் எங்க?"
பனியில் சறுக்குவதற்கு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. எண்ண ஆரம்பித்தான்.

இறக்குமதி செய்தவர் கம்பெனியைப் பூட்டிவிட்டார்.
குல்மார்க் போகவேண்டிய சரக்கு
எண்ணூரில் ஏன் இறங்கியதென்று
போன் எடுக்காத ஒருவருக்கு மட்டுமே தெரியும்.
ஒன்றேகால் வருஷம் வாடகை ஏறிக்கொண்டே கிடந்தது.
ஏலத்துக்கு முன் பட்டியல் எடுப்பது என் வேலை.
படிவத்தில் பதினோரு கட்டம்,
ஏழாவது: உற்பத்தியான நாடு.

பர்ட்டன். வெர்மான்ட் மலைக்காரர்கள்.
வாலில் பொடி எழுத்து: சீனா.
கேபிடா. அமெரிக்கப் பெயர்.
ஆற்று மின்சாரத்தில் ஓடும் ஆலையில் செய்ததென்று
அட்டையே பெருமையடிக்கிறது: ஆஸ்திரியா.
நைடெக்கர். ஒரு சுவிஸ் குடும்பத்தின் பெயர்.
திருப்பினால்,
ஐக்கிய அரபு அமீரகம்.

இன்னொரு தரம் திருப்பினேன்.
மணலில் பிறந்த பனிப்பலகை.

படம் எடுத்து பெலிக்ஸுக்கு அனுப்பினேன்.
அக்கா புருஷன், பனைமரத்தொட்டிக்காரன்.
ஜெபல் அலியில் ஏதோ பலகை அழுத்துகிறான்,
அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை.
கதவு கம்பெனி என்று
அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் குரல் வந்தது:
"ஆமா பிரமி, நம்ம ஷெட்டு சரக்கு மாதிரிதான் இருக்கு.
மரத்த ஒட்டி, கண்ணாடி நாரு போட்டு, பிசின் தடவி,
ஓரத்துக்கு இரும்பு கட்டி, அச்சுல வெச்சு சூடேத்துவோம்.
ஏசி இருக்கு. பிசினுக்கு.
பனியா? மால்ல ஒரு பக்கம் செஞ்சு வெச்சிருக்கான்.
டிக்கெட்டு வெல கேட்டுட்டு
வெளிய நின்னு கண்ணாடி வழியா பாத்தேன்.
ஒரு பையன் பொத்துனு வுழுந்தான்.
பலகைக்கு ஒண்ணும் ஆவல."
கடைசி வரியில் குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

மரம் எந்தக் காட்டிலிருந்து,
இரும்பு எந்த உலையிலிருந்து,
பிசின் தடவிய கை எந்தத் தெருவிலிருந்து?
ஏழாவது கட்டம் ஒன்றரை அங்குலம்.
யு.ஏ.இ. என்று எழுதினேன்.
புள்ளிகள் வைத்தபின்னும் இடம் மீந்தது.

முதல் ஏலத்துக்கு ஆளே வரவில்லை.
இரண்டாவதுக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்து,
விலை கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.
மூன்றாவதில் கிலோ கணக்கு.
காசிமேட்டு ஐஸ் கம்பெனி வஜ்ரவேலு
பலகையின் அடியைக் கட்டைவிரலால் தேய்த்தார்,
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற முகத்தோடு.
"மொத்தமும் எட்த்துக்கறேன்."
எதற்கென்று கேட்க
என் படிவத்தில் கட்டமில்லை.

போன வாரம் விடிகாலை நாலு மணிக்கு
துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன்.
லாரியிலிருந்து விசைப்படகுக்குச் சாய்வாக
ஆணியடித்துச் சேர்த்த ஐந்து பலகைகள்.
அடிப்பக்கம் மேலே.
ஐஸ் பாளம் ஒன்று ஏறி உட்கார்ந்து
யாரும் தள்ளாமலே
சத்தமில்லாமல் இறங்கிப் போனது.
முன்னாடி தகரம் போட்டிருந்தோம், கத்தும்,
பாதி ஒடஞ்சிடும் என்றான் கொக்கி வைத்திருந்த பையன்.
உச்சியில் பர்ட்டன். அதற்கடுத்து கேபிடா.
கடைசியில், படகை உரசிக்கொண்டு,
உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க
நைடெக்கர்.
ஆணி இறங்கிய இடங்களில் துரு பூக்கத் தொடங்கியிருந்தது.

வீடியோவை பெலிக்ஸுக்கு அனுப்பினேன்.
அங்கே மணி இரண்டரை, நைட் ஷிஃப்ட்.
நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.
நான் சங்கரா அரைக்கிலோ பேரம் முடித்து
காசு கொடுக்கும்போது வந்தது.

"ஆணி அடிக்கறதுக்கு முன்ன
என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.
பின்பக்கம் மறை போட்ட ஓட்டை இருக்கும்,
காலு மாட்டற எடத்துல.
கீழ இருந்து ஸ்க்ரூ போடச் சொல்லு.
மேல தெரியவே தெரியாது."