எடு, விடு

அருவங்காடு குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு கோர்ட்.
பேக்டரி சங்கு ஊதி
ஆபீசர்கள் ஷூ மாட்டி வரும்வரை
ஒரு மணி நேரம் எங்களுடையது.
நாங்கள் நாலு பெண்கள்.
ஆளுக்குக் கால் மணி என்று பங்கு வைத்தால்
அந்தக் குளிரில் வியர்வைகூட வராது.
அதனால் நாலு பேரும் ஒன்றாக இறங்கினோம்.
என் தொழில் ஆரம்பித்த கதை இவ்வளவுதான்.
பேட்டிக்கு வந்தவர் வேறு ஏதாவது
சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வெலிங்டன் பக்கமிருந்து மஞ்சு ஏறினால்
நெட்டுக்கு அந்தப்புறம் வெறும் வெள்ளை.
பந்து முதலில் சத்தமாக வரும்,
அப்புறம்தான் பந்தாக.
நடுவில் விழுந்தால் கத்த வேண்டும்:
எடு. விடு.
கத்த மறந்த அன்று
ஜெசிந்தாவின் ராக்கெட் என் புருவத்தைப் பிளந்தது.
நாலு தையல், குன்னூர் ஆஸ்பத்திரியில்.

ஒற்றையரும் ஆடிப் பார்த்தேன், மூன்று வருடம்.
தரவரிசை அறுநூற்று எழுபத்தொன்று.
தோற்றபின் பேச ஆளில்லை,
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
இரட்டையருக்குப் பக்கத்துக்கு நாலரை அடி
கூடுதலாகத் திறந்துவிடுவார்கள்.
அந்த நாலரை அடியில் குடியேறினேன்.
பட்டா இல்லாத நிலம்.

பதினாலு வருடம். பத்தொன்பது பார்ட்னர்.
ஒருத்தி தோஹா விமான நிலையத்தில்
மெசேஜ் அனுப்பிப் பிரிந்தாள்,
நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.
ஒருத்தி தான் உண்டாகியிருப்பதை
புருஷனுக்கு முன் என்னிடம் சொன்னாள்,
இரண்டாம் செட்டில், பக்கம் மாறும்போது.
பரிசுப் பணத்தை இரண்டாக வகுத்தோம்,
அறை வாடகையை, டாக்சியை,
ஒரு தடவை கடைசி வாழைப்பழத்தை.

எங்கள் ஆட்டத்துக்கு முன் ஒற்றையர் முடியும்.
கூட்டம் எழுந்து சாப்பிடப் போகும்.
மிச்சம் இருப்பது
பந்து பொறுக்கும் பிள்ளைகளும்
எதிராளியின் அம்மாவும்.

ஸ்டெங்காவோடு ஆறு வருடம்.
அவள் சர்வ் போடுவதை
ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை.
நெட்டருகே நிற்பவள் திரும்பக் கூடாது.
முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன்:
சுண்டுவிரல், பாயப் போகிறேன்.
மூடிய கை, நிற்கிறேன்.
"ம்" என்பாள்.
பிறகு காதோரம் காற்று கிழியும்.

பாங்காக்கில் ஒரு மழைநாள்
அவளுக்கு இரண்டு தமிழ்ச் சொல் கற்றுக் கொடுத்தேன்,
எதிரணிக்குப் புரியக் கூடாதென்று.
ஸ்லோவாக் நாக்கில் 'டு' புரளவில்லை.
எதூ, விதூ என்றாள்.
பறந்து வரும் பந்தைப் பார்த்து
எது, எது என்று கேள்வி கேட்டுக்கொண்டே அடிப்பாள்.
அடுத்த சீசனில்
சுற்றுப்பயணத்தில் பாதிப் பேருக்கு
அந்த இரண்டு சொல்லும் தெரிந்துவிட்டது.

நாங்கள் எட்டிய உயரம் முப்பத்தெட்டு.
ஓர் அரையிறுதியில், டைபிரேக்கில்,
பந்து எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது.
மெதுவான பந்து. சொல்வதற்கு நேரம் இருந்தது.
அவள் நான் சொல்வேன் என்று நின்றாள்.
நான் அவள்.
ஆறு வருடத்தில்
பங்கு வைக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.
இருவரும் சிரித்துவிட்டோம்.
மறுநாள் பேப்பரில் அந்தச் சிரிப்பின் படம்,
கீழே வேறு யார் பெயரோ.

போன மார்கழியில் குன்னூர் டாக்டர்
என் முழங்காலின் படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
எலும்பு எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
ஸ்டெங்காவுக்குப் போன் போட்டேன்.
ஊசி போடலாம், ஒரு சீசன் ஓட்டலாம்,
களிமண் கோர்ட் மட்டும் ஆடலாம்,
பத்து நிமிடம் இங்கிலீஷில் அளந்தேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு சொன்னாள்:
"விடு."
'டு' சரியாக விழுந்தது.
யாரிடம் பழகினாளோ.

இப்போது அவள் ஒரு சிலி நாட்டுப் பெண்ணோடு ஆடுகிறாள்.
இரவு இரண்டு மணிக்குப் பார்க்கிறேன்,
முழங்காலில் வெந்நீர்ப் பை.
இந்த வளைவில் சிக்னல் நிற்காது.
நேற்று படம் உறைந்துபோய்
சத்தம் மட்டும் வந்தது:
சரளைமேல் ஷூ, நரம்பில் பந்து,
யாரோ இருமல்.
"எதூ!"
வெந்நீர்ப் பை தரையில் விழ
பாதி எழுந்துவிட்டேன்.
அந்தப் பெண் அடித்துவிட்டாள்.