பல்லில் மணல்

முதலில் பல்.
எக்ஸ்ரே அப்புறம்தான், அதற்குக் கட்டணம் தனி.
முன்பல் விளிம்பில் மெல்ல இழைத்தால்
அசல் முத்து நறநறக்கும்,
சோற்றில் அகப்பட்ட மணல்போல.
போலி வழுக்கிக்கொண்டு போகும்,
பேசத் தெரிந்த மாப்பிள்ளை மாதிரி.

மனாமா கடைவீதியில்
ஏசித் தண்ணீர் சொட்டும் சந்தில் என் மேசை.
லென்ஸ், இரட்டைத்தட்டுத் தராசு, கறுப்பு வெல்வெட் துண்டு.
பதினாறு வருடமாக
ஊரார் கழுத்தைக் கடித்துப் பார்த்துப் பிழைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகைக்குச் சற்று முன்
அக்காவும் தங்கையும் வந்தார்கள்.
முனீரா. ஹெஸ்ஸா.
தாய்மார் வேறு வேறு. தகப்பன் ஒருவர்;
முஹர்ரக்கில் அவரை அடக்கி நாற்பது நாளாகிறது.
ஆளுக்கொரு சரம் விட்டுப் போயிருக்கிறார்.
ஒன்று அசல், மற்றது போலி
என்று துக்கம் கேட்க வந்த யாரோ
பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்கள்.
ஒரே காரில் வந்திருந்தார்கள்.
வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது
நாற்காலிகளை அவர்கள் நகர்த்திய விதத்தில் தெரிந்தது.

முனீராவின் சரம்.
நடுவில் தொங்கும் பெரியதைப் பல்லில் வைத்தேன்.
நற.
ஹெஸ்ஸாவின் முகம் விழுந்தது.

ஹெஸ்ஸாவின் சரம்.
நற.
இப்போது முனீராவின் முகம்.

"இரண்டுமே அசலா?"
கேட்ட குரலில் சந்தோஷம் இல்லை.

எனக்கும் இல்லை. சரம் கனம் காட்டவில்லை.
நடுவிலிருந்து கொக்கியை நோக்கி
ஒவ்வொன்றாக இழைத்துக்கொண்டே போனேன்.
நற, நற, நற,
பிறகு வழுக்கல்.
லென்ஸை வைத்தேன்.
துளையோரம் மினுக்குப் பூச்சு உரிந்திருந்தது,
வெயிலில் தோல் உரிந்த மூக்குபோல.
உள்ளே பச்சையோடிய கண்ணாடி.

எக்ஸ்ரே மிச்சத்தைச் சொன்னது:
முன்பக்கம், காறையெலும்பில் படுகிற இடமெல்லாம்
வெங்காயம்போல் வளையம் வளையமாய் ஆணிமுத்து;
பிடரிப் பக்கம், கூந்தலும் முக்காடும் மூடுகிற இடத்தில்
கண்ணாடி உருண்டை.
இரண்டு சரமும் அப்படியே.
முத்துக்கு முத்து பட்டு முடிச்சு,
எல்லாம் ஒரே கை போட்டது,
எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தது.

"அப்பாவுக்கு இடக்கை" என்றாள் ஹெஸ்ஸா.

ஒரு சரம் வாங்கத்தான் வசதி இருந்திருக்கிறது.
வெட்டியிருக்கிறார்.
இரண்டு வீட்டுக்கும்
எதிரே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிகிற பாதியைக்
கொடுத்திருக்கிறார்.

இத்தோடு எழுந்து போயிருக்கலாம்.
முனீரா எண்ணச் சொன்னாள்.
அவளுக்குப் பதினெட்டு.
தங்கைக்குப் பத்தொன்பது.

"சின்ன வீட்டுக்கு எப்பவும் ஒன்று கூடத்தான்."

ஏசி மட்டும் பேசியது.
தராசை இழுத்தேன்.
பட்டை அவிழ்த்து
பதினெட்டை ஒரு தட்டில், பத்தொன்பதை மறுதட்டில்.
அக்காளுடையவை ஒரு சுற்றுப் பெரியவை.
முள் நடுங்கியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
நடுக்கோட்டுக்கு மயிரிழை தள்ளி நின்றது.

எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்.
காற்று படுகிறது, ஏசியை அணைத்துப் பார்க்கலாம்
என்று நான் சொல்லவில்லை.
அவர்களும் கேட்கவில்லை.

சான்றிதழ்ப் படிவத்தில் இரண்டே கட்டம்:
இயற்கை, போலி.
பேனா கட்டங்களுக்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றியது.
"எழுதவேண்டாம்" என்றாள் முனீரா.
"இருந்த மாதிரியே கோத்துக் கொடுங்கள்.
கண்ணாடி பின்னாலேயே இருக்கட்டும்.
முடிச்சு..."
பாதியில் நிறுத்தினாள்.
வலக்கைக்காரி நான்,
அன்று சாயங்காலம் வரை
இடக்கையால் முடிச்சுப் போட்டேன். எல்லாம் கோணல்.

முனீரா பணம் கட்டினாள்.
ஹெஸ்ஸா பாதியைக் கணக்குப் பண்ணி,
கடைசி ஃபில்ஸ் வரை,
அக்காளின் கைப்பைக்குள் போட்டாள்.
அக்காள் அதை எண்ணிப் பார்த்தாள்.

அவர்கள் போனதும்
ஆறிப்போன கரக் தேநீரைக் குடித்து முடித்தேன்.
கடைசி மடக்கில்
பல்லில் என்னவோ நறநறத்தது.
கரையாத சர்க்கரையாகத்தான் இருக்க வேண்டும்.