சந்தேகம், மூன்று நிமிடம்

குலுக்கலில் எங்கள் குழுவுக்கு விழுந்த சொல்
சந்தேகம்.
வசனம் கூடாது, எழுத்தும் கூடாது.
டிலக்சன் புருவம் சுருக்கினான்,
பல்லுக்கொதி மாதிரி இருந்தது.
கஜந்தினி சில்லறையை இரண்டுதரம் எண்ணினாள்.
அது கஞ்சத்தனம் என்றாள் யாழிசை.

முத்தையன்கட்டு வாய்க்கால் தாண்டி
பாலைமர நிழலுக்குப் போனோம்.
பற்றரி பதினொரு வீதம்.
போனை நிறுத்த மறந்து
பின்னால் வந்திருக்கிறான் சாருஜன்.

இரவு பார்த்தோம்.
அகண்ட புல்வெளி.
மிதிவெடி அகற்றியாயிற்று என்று பலகை நட்டது
நாங்கள் முதலாம் வகுப்புச் சேர்ந்த வருசம்.
நாலுபேரும் ஒற்றை வரியில்,
முன்னவர் மிதித்த இடத்திலேயே மிதித்து.
கமராவும் குனிந்து
எங்கள் குதிக்கால் தடத்தையே தேடுகிறது.

இசை போடுவமா என்றான் டிலக்சன்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.