அரைப்புள்ளி

பீல் நகரத்தில் இரண்டு மொழிகள்,
தெருப்பலகையில் மேலே ஒன்று, கீழே ஒன்று.
வாகீசனின் புதுப் போனுக்கு
ஜெர்மன்காரன் ஐந்துக்கு மூன்றரை போட்டிருக்கிறான்,
பிரெஞ்சுக்காரி நாலு.
'ஒரே போன், ஒரே விலை,
பாஷை மாறினா அரைப்புள்ளி கூடுமோ?'
மைக்ரோவேவ் வரிசையில் எனக்கு முன்னால் நின்று
பருப்புக்கறி சுழல்வதைப் பார்த்தபடி கேட்கிறார்.
ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மூட்டம்.
யூரா மலை அங்கேதான் இருக்கிறதென்று
நம்பித்தான் ஆகவேண்டும்.

அவர் மெருகுப் பகுதி.
பதினொரு வருடமாய் மணிக்கூட்டு உறைகளைச்
சக்கரத்தில் பிடித்து மினுக்குகிறார்.
நான் முகப்புப் பகுதி.
கண்ணில் உருப்பெருக்கி, நாளுக்கு அறுநூறு முகப்பு.
தூசி, கீறல், இலக்கத்தில் மைக்கசிவு
இருந்தால் சிவப்புத் தட்டு,
இல்லாவிட்டால் நீலம்.
மூன்றரை என்றொரு தட்டு எங்களிடம் இல்லை.

'அவன் காசு குடுத்தே வாங்கினவன்?
கொம்பனி அனுப்பினது.
ஒரு கிழமை வச்சிருந்திட்டுத் திருப்பிக் குடுத்திருப்பான்.
நான் இருபத்துநாலு மாதம் கட்டவேணும்.'

'காசு குடுக்காதபடியாத்தானே
உள்ளதைச் சொல்லலாம்' என்றேன்.
'நான் பாக்கிற மணிக்கூட்டில
ஒண்டைக்கூட நான் வாங்கினதில்லை.'

'போன வருச மொடலைவிடப் பெரிய மாற்றமில்லையாம்.
போன வருச மொடலை ஆர் வச்சிருந்தது?
என்ரை ஏழு வருசப் பழசு,
மூலை உடைஞ்சு, டேப் ஒட்டி,
மத்தியானத்தோட உயிர் போயிடும்.
எனக்கு எல்லாமே மாற்றம்தான்.'

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
முள்ளங்கியைக் கிளறினேன்.

ஆனாலும் முகம் தெரியாத அந்த விமர்சகனை
முழுதாய் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.
கையில் கட்டுபவர் சாகும்வரை காணப்போகாத
ஒரு மயிரிழையை
ஆறு மணிக் கோட்டருகே கண்டு
சிவப்பில் வைத்த நாட்கள் எனக்கு உண்டு.
அநியாயமா அது?
அந்தக் கோட்டை ஒட்டிய கோர்டுலா
இரண்டு மேசை தள்ளி இருக்கிறாள்.
சிவப்புத் தட்டு நிரம்பிய நாளில்
வணக்கம் சொல்லமாட்டாள்,
இரண்டு மொழியிலும்.

'பாரம் கூடவாம்! இருநூற்று முப்பது கிராம்!'
வாகீசன் விடுவதாயில்லை.
காலையிலிருந்து அவர் தூக்கி இறக்கிய
பித்தளைத் தட்டு ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ.
'பற்றரி பாக்கிறதுக்குப்
பதினெட்டு மணித்தியாலம் படம் ஓட விட்டவனாம்.
பதினெட்டு மணித்தியாலம்
சும்மா இருந்து படம் பாக்கிறவன் ஆர், சொல்லுங்கோ?'
சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

'கமராவைப் பாருங்கோ' என்று
நான் நிமிருமுன் எடுத்துவிட்டார்.
திரையில் யாரோ ஒருத்தி.
சட்டை என்னுடையது, கரண்டி என்னுடையது,
கன்னம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்.
பதினாறு வருடம் குறை கண்டு சம்பளம் வாங்குகிறவள் நான்.
'வடிவாயிருக்கு' என்றேன்.
'பாத்தீங்களே' என்றார்,
வழக்கில் வென்ற ஆள் மாதிரி.

அதற்குள் திரை அணைந்துவிட்டது.
பெருவிரலை வைத்தார்.
ஒன்றுமில்லை.
காற்சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார்.
பதினொரு வருட மெருகுப் பசை
அந்த விரலின் கோடுகளையும் மினுக்கிவிட்டிருந்தது.
மேசைக்குக் கீழே கொண்டுபோய்,
சுவர்ப்பக்கம் சற்றுத் திரும்பி,
ஆறு இலக்கங்களை அமத்தினார்.
நான் காணவில்லை என்று நினைத்தார்.

விரல்ரேகை உணரியில் குறையே இல்லை என்று
எழுதியிருந்தான் ஜெர்மன்காரன்.
பிரெஞ்சுக்காரியும்.
அந்த ஓரிடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போயின.

மணி அடித்தது.
சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்:
'நீங்களெண்டா எவ்வளவு போடுவியள்?'

'எங்களிட்ட ரெண்டு தட்டுத்தானே, வாகீசன்.'

எந்தத் தட்டு என்று
அவர் கேட்கவில்லை.