இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே

மளிகைக் கடையில் கொடுத்த பழைய டைரி.
வருஷம் தப்பு, கிழமை தப்பு.
என் ரத்தத்துக்கு அது போதும்.
தேதி, ஐ.என்.ஆர், மாத்திரை அளவு,
அப்புறம் ஒரு கட்டம்.
அதற்குத் தலைப்பு வைக்கவில்லை.

முதலில் சீட்டுகளைத்தான் சேர்த்தேன்,
ஜவுளிக்கடை ரெக்சின் பையில்.
ஒரு சித்திரையில் திறந்தால்
பாதிச் சீட்டு வெள்ளை.
வேலூர் வெயில் மையையும் விட்டுவைக்காது.
மிஞ்சியதை ஜன்னலில் தூக்கிப் பிடித்து
மூன்றா எட்டா என்று கண் இடுங்க
ஒரு ஞாயிறு முழுக்க எழுதினேன்.
எல்லாம் மூன்றுதான்.
எட்டாயிருந்தால் எழுத நானிருக்க மாட்டேன்.

பத்தொன்பது வயதில் வால்வு மாற்றினார்கள்.
கரண்ட் போய் ஃபேன் நின்ற ராத்திரிகளில்
நெஞ்சுக்குள் கைக்கடிகாரம் கேட்கும்.
கட்டிய புதிதில் என் வீட்டுக்காரர்
டைம்பீஸைத் தேடி எழுந்திருக்கிறார்.
ரத்தம் உறையவும் கூடாது,
நிற்காமல் ஓடவும் கூடாது.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
ஒற்றையடி வரப்பு.
பதினாறு வருஷமாக அதில் நடை.

தலைப்பில்லாத கட்டத்தில்:
முருங்கை துளிர்த்தது, நாலு நாள் கீரை.
அந்த மாசம் ஒன்று புள்ளி ஒன்பது.
பல்வலி, மருந்துக்கடை மாத்திரை.
மூன்று புள்ளி எட்டு.
பாலாற்றில் தண்ணீர், ஊரே பாலத்தில்.
இரண்டு புள்ளி ஏழு;
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.
ஊரடங்கில் நாலு வரி காலி.

போன மாசம் ஒரு சனிக்கிழமை
ஷூ கம்பெனியில் அரைநாள் கூலியை விட்டு
காட்பாடி லேபில் வாங்கிய சீட்டில்
ஆறு புள்ளி எட்டு.
சின்ன டாக்டர் நிமிர்ந்தார்.
"மாத்திரைய நிறுத்துங்க, ஊசி போட்டுடலாம்."
ஈறில் ரத்தமில்லை. முழங்கையில் நீலமில்லை.
டைரியை அவர் பக்கம் தள்ளினேன்.
பாருங்க சார், இவ இப்படிப் பண்றவ இல்ல.
புரட்டினார்.
முருங்கையில் கொஞ்சம் நின்றார்.
பிறகு சீட்டின் மேல்மூலையை
இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம்.
கே. குணசுந்தரி. பெண். வயது அறுபத்தொன்று.
எனக்கு முப்பத்தைந்து.

அப்பாடா என்று விட்ட மூச்சு
பாதியில் திரும்பியது.
என் எண், அது எதுவோ,
அதை வாங்கிப்போன ஒருத்தி
நல்லாயிருக்கு என்று மடித்து வைத்து
ராத்திரி மாத்திரையும் போட்டிருப்பாள்.

லேப் பெண் பதிவேட்டில் விரல் ஓட்டினாள்.
பள்ளிகொண்டா.
போன் நம்பரின் கடைசி இலக்கத்தின் மேல்
டீ கொட்டியிருந்தது.
பூஜ்யம் எடுக்கவில்லை.
ஒன்று, செங்கல் சூளை.
இரண்டு இந்தியில் திட்டியது.
மூன்று, நான்கு, ஸ்விட்ச் ஆஃப்; அவை இரண்டும்
அவளாக இருந்துவிடக் கூடாதே என்று
ஐந்தை அழுத்தினேன்.
ஏழில் ஓர் ஆண்குரல்:
"அம்மா படுத்திருக்காங்க. காலைலேர்ந்து மூக்குல ரத்தம்,
வெயிலுக்குத்தான். வெங்காயம் வெச்சிருக்கோம்."
வெயில் இல்லீங்க, என்றேன்.
அத்தனை உறுதியாக
கம்பெனி சூப்பர்வைசரிடம்கூட நான் பேசியதில்லை.

ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.
மறுபடி எடுத்ததில் எனக்கு இரண்டு புள்ளி ஆறு.
அந்த வரியிலேயே, பென்சிலில்,
இன்னொரு எண்ணும் இருக்கிறது இப்போது.
நேற்று நான்கு புள்ளி ஒன்று. இறங்குகிறது.

போனில் கேட்டாள்,
நானும் ஒரு நோட்டு போடட்டுமா என்று.
எழுத்து வராதாம், எண் வருமாம்,
இருபது வருஷம் தெருவுக்கே சீட்டுப் பிடித்தவளாம்.
"ஒரு நாளும் ஆள் மாத்திக் குடுத்ததில்ல தங்கச்சி,
எனக்குப் போயி சீட்டு மாறிடுச்சு பாரு"
என்று சிரித்தாள்.
சிரிக்கும்போது இருமினாள்.
இருமலில் ரத்தமில்லையே என்று கேட்டுவிட்டு
அதையும் எழுதினேன்.