தவணைத் தேதி

நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது
முழங்கால் தேய்ந்த பிறகு.
விசிலும் பீரோ சாவியும் இப்போது
ஒரே கயிற்றில்.

முத்தூருக்கு மேற்கே,
கீழ்பவானித் தண்ணீர் வந்தால் உண்டு
வராவிட்டால் இல்லை என்கிற கடைமடையில்
பள்ளியின் கடைசி அறை.
பக்கத்துத் தறிக்குடோன் ஓடும்வரை
பீரோவின் கண்ணாடிக் கதவும்
டக்கடக்கென்று ஆடிக்கொண்டிருக்கும்.
உள்ளே வாழ்க்கை வரலாறுகள், அறுபத்தொன்று.
அட்டையில் எல்லோரும் எங்கோ தூரத்தைப் பார்க்கிறார்கள்.
ஒருவர்கூடப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

மேலிடத்து உத்தரவு:
ஆளுக்கொரு வரலாறு படித்துக்
காலை வணக்கத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும்.
பேசினார்கள்.
ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்,
தெருவிளக்கில் படித்தார்,
ஆகவே மாணவர்களே...
வெயில் ஏறுவதற்குள்
நான் விசில் ஊதிவிடுவேன்.

சிந்துஜா, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு,
புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:
"இவரு ஒம்பது வருசம் ஜெயில்ல இருந்தாருங்களே,
அப்ப ஊட்ல ஆருங் சார் சம்பாரிச்சது?"

கபடியில் போனஸ் கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தால்
பதில் வைத்திருப்பேன்.
அன்றிரவு முழுக்கப் புரட்டினேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மனைவி மூன்று இடத்தில் வருகிறார்.
கல்யாணத்தில் ஒருமுறை,
ஒரு காய்ச்சலில் ஒருமுறை,
அப்புறம் ஒரு புகைப்படத்துக்குக் கீழே:
இடமிருந்து இரண்டாவது.

அடுத்த வாரமும் அவள் முறை வந்தது.
கையில் புத்தகம் இல்லை, நாற்பது பக்க நோட்டு.
"பொறந்த தேதி ரேசன் கார்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு.
எட்டாவதோட நின்னுட்டாங்க.
ஸ்பின்னிங் மில்லுல மூணாவது ஷிப்டு.
அறுந்த நூல முடிச்சுத் தெரியாம ஒட்டுவாங்க.
ஒருக்கா மெசின்ல தலமுடி மாட்டிக்கிச்சு,
அதுல இருந்து கிராப்பு.
ஆராவது கேட்டா ஸ்டைலும்பாங்க எங்கம்மா."
நோட்டில் இன்னும் இருந்தது.
ஏழு நிமிடம் ஆகியும்
'ஆகவே மாணவர்களே' வரவில்லை.
விசில் வாயிலேயே இருந்தது.

நோட்டை பீரோவில் வைக்கலாமா என்றாள்.
வைக்கலாம், பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே.
வரிசை எண் அறுபத்திரண்டு.
ஆசிரியர் சிந்துஜா.
பதிப்பகம், ஒரு கோடு.
விலைக் கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பின்னட்டையில் அச்சிட்டிருந்தபடி
இருபது ரூபாய் என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வருகிறவர்களிடம்
வேறென்ன சொல்வது?

முதலில் எடுத்துப் போனவன் சுஜித் நாயக்.
ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருசம்.
அதே மில்லின் குவார்ட்டர்ஸ்.
தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்.
தவணை பதினாலு நாள்.
இன்றோடு முப்பத்தொன்று.

மைதானத்தில் நிறுத்திக் கேட்டேன்.
"பாதிதாங் சார் ஆச்சு.
நான் படிச்சுப் படிச்சு
எங்க பாசையில அப்பாவுக்குச் சொல்றேனுங்க.
அவரு நடுவுல நடுவுல நிறுத்திப் போடறாரு."
எதுக்குடா?
"அவரும் பேச ஆரம்பிச்சர்றாருங் சார்."

பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்தது.
ஓடிவிட்டான்.